டிசபிலிட்டி பென்ஷனுக்கு ஆள் பிடிக்கும் முன்: முன்னாள் படைவீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டாளத்தில் பதினைந்து இருபது வருடம் இருந்துவிட்டு, தேய்ந்த முழங்காலோடும் பிரஷர் மாத்திரையோடும் ஊர் திரும்பியவர்கள் கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் நிறைய பேர். அவர்களில் பலர் வீட்டு பீரோவில், டிசபிலிட்டி பென்ஷன் கிடையாது என்று ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் (படைப்பிரிவின் ஆவண அலுவலகம்) அனுப்பிய கடிதம் ஒன்று மடித்து வைக்கப்பட்டிருக்கும். மறுப்பு வந்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று உட்கார்ந்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். அந்தக் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு முதலில் கண்ணில் பட்டவரிடம் ஓடுகிறவர்கள் மறு பக்கம். இந்தக் கட்டுரை இரண்டாமவர்களுக்காக.

நான் சொல்ல வருவது இதுதான். உங்களுக்காகப் பேச வருகிறவர் முதலில் உங்கள் மெடிக்கல் போர்டு காகிதத்தைக் கேட்க வேண்டும். அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், “பேப்பரெல்லாம் குடுத்துட்டுப் போங்க சார், மூணு மாசத்துல பென்ஷன் ஏறிடும்” என்று சொல்பவரிடம் கேஸைக் கொடுக்காதீர்கள். அவர் எத்தனை பேருக்கு வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னாலும் சரி.

கேஸ் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கிளம்புவது

டிசபிலிட்டி பென்ஷனுக்கு அடிப்படை நிபந்தனை இரண்டு. பாதிப்பு 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அது ராணுவப் பணியால் ஏற்பட்டதாகவோ, பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். பெரும்பாலான கேஸ்கள் அடிபடுவது இரண்டாவதில்தான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். ஏஎப்எம்எஸ்எப்-16 என்று மேலே அச்சடித்திருக்கும். உள்ளே உங்கள் நோயின் பெயர், அது முதலில் தெரியவந்த தேதி, அப்போது நீங்கள் இருந்த இடம், பிறகு ஒரு கட்டம். பணியால் வந்ததா? இல்லை. பணியால் மோசமானதா? இல்லை. பக்கத்தில் காரணம் என்று ஒரே ஒரு வரி: அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது தொடங்கியது, அல்லது உடல்வாகு சார்ந்த நோய். ‘நானா’ (பணியால் வந்ததும் இல்லை, மோசமானதும் இல்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) போட்டுவிட்டார்கள் என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். உங்கள் வழக்கு முழுக்க அந்த ஒரு வரியை எதிர்த்துத்தான் நடக்கப் போகிறது.

அந்த வரிக்கு எதிராக நிற்கிற வலுவான தீர்ப்பு 2013-ல் உச்ச நீதிமன்றம் தந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. சிக்னல்ஸ் பிரிவில் இருந்தவர் அவர். வலிப்பு நோய் என்று 20 சதவீதம் போட்டு வெளியே அனுப்பினார்கள், பென்ஷன் மறுத்தார்கள். ஒருவர் படையில் சேரும்போது அவர் உடலில் நோய் இருந்ததாகக் குறிப்பு ஏதும் இல்லையென்றால், அவர் நல்ல ஆரோக்கியத்தோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று காட்டும் பொறுப்பு அரசுடையது. சந்தேகத்தின் பலன் வீரருக்குத்தான் என்று நீதிமன்றம் சொன்னது. ஆகவே சேரும்போது எடுத்த மெடிக்கல் காகிதமும், வெளியே வரும்போது எடுத்த மெடிக்கல் காகிதமும் சேர்ந்து கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அடிபட்டு வந்த பாதிப்பு என்றால் ஐஏஎப்ஒய்-2006 என்ற காய அறிக்கையும் வேண்டும்.

கையில் இல்லையென்றால் ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்கு நீங்களே ஆர்டிஐ போடலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், ஆர்ட்டிலரி என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், இஎம்இ (எலக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் பிரிவு) என்றால் செகந்திராபாத். கட்டணம் 10 ரூபாய், பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டரில் முடிகிற இந்த வேலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வேதனை.

காகிதம் கிடைத்ததும், எந்தப் படியில் இருக்கிறோம் என்று பாருங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீடு, அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது மேல்முறையீடு. இவை இரண்டும் கடிதம் எழுதிச் செய்கிற வேலை, வக்கீல் கட்டாயமில்லை. அதன் பிறகுதான் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். மேல்முறையீடு போட்டு ஆறு மாதமாகியும் பதிலே வரவில்லையென்றாலும் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று 2007-ம் வருட ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இலவசமாக இருக்கிற உதவியைத் தாண்டிப் போவது

கடலூரில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. புதுச்சேரியில் சைனிக் நலத்துறை இருக்கிறது. மேல்முறையீட்டுக் கடிதத்தை எந்த முகவரிக்கு, எந்த ஆவணங்களோடு அனுப்புவது என்பதை முதலில் அங்கே போய்க் கேளுங்கள். அவர்கள் உங்களுக்காகக் கோர்ட்டில் வாதாட மாட்டார்கள். ஆனால் கேஸ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு வெளியே வருவீர்கள்.

வக்கீல் தேவைப்பட்டால், காசு கொடுத்து வைக்கும் முன் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நினைத்துப் பாருங்கள். 1987-ம் வருடச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. படைவீரர் குடும்பங்களுக்கென்றே தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் வீர் பரிவார் சகாயதா என்ற திட்டத்தையும் தொடங்கியிருக்கிறது. கணவர் இறந்தபின் அவருக்கு வரவேண்டிய நிலுவைக்காக அலைகிற அம்மாக்கள் இதைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஆண் துணை இல்லையென்று தெரிந்தால் ஏஜென்ட்கள் முதலில் தட்டுவது அந்த வீட்டுக் கதவைத்தான்.

வருவதில் பங்கு என்று பேசுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இது. “இப்ப ஒண்ணும் வேணாம்ணே, அரியர்ஸ் வந்தா முப்பது பர்சன்ட் குடுத்துடுங்க.” கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். கையை விட்டு இப்போது எதுவும் போகவில்லையே என்று மனம் ஒத்துக்கொள்ளும். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பென்ஷன் கணக்கில் வரும் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் என்று வையுங்கள். 100 சதவீதப் பாதிப்பு என்றால் அதில் 30 சதவீதம், அதாவது மாதம் 12,000. உங்களுக்கு 20 சதவீதப் பாதிப்பு என்றால் 2,400. அதை 50 சதவீதமாக உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்று உத்தரவு வாங்கினால் 6,000. ஐம்பதுக்குக் கீழே இருப்பதை ஐம்பதாக உயர்த்தும் இந்தச் சலுகை முதலில் போர்டு அவுட் ஆனவர்களுக்கு, அதாவது உடல் தகுதியில்லை என்று இடையிலேயே வெளியே அனுப்பப்பட்டவர்களுக்கு, மட்டும் என்று இருந்தது. சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மூன்று வருட நிலுவை, அகவிலைப்படி சேர்க்காமலே, 2,16,000 ரூபாய். அதில் முப்பது பர்சன்ட் 64,800. ஏற்கனவே பல தீர்ப்புகள் வந்து பாதை போட்டுவிட்ட ஒரு கேஸுக்கு, அச்சடித்த மனு ஒன்றில் பெயரை மாற்றிப் போட்டதற்கு இந்தத் தொகை.

வருகிற பணத்தில் பங்கு பேசுவது வக்கீலுக்கு அனுமதியே இல்லை. பார் கவுன்சில் விதி அதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், கிடைக்கும் தொகையில் சதவீதம் என்று பீஸ் பேசுவது சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டது. இன்னொன்று: 1871-ம் வருடப் பென்ஷன் சட்டம், இனிமேல் வரப்போகிற பென்ஷனை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது என்கிறது. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று பயந்து நடுங்க வேண்டாம். ஆனால் தேதி போடாத செக், கடன் வாங்கியதாக எழுதிய புரோநோட் கொடுத்திருந்தால் அது வேறு தலைவலி. அதை உடனே ஒரு நல்ல வக்கீலிடம் காட்டுங்கள்.

பீஸ் எவ்வளவு என்பதைத் தொகையாகவே கேளுங்கள், எழுதி வாங்குங்கள். எதுவரைக்கும் என்றும் கேளுங்கள். தீர்ப்பாயத்தில் ஜெயித்தாலும் அரசு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதற்கு வழி உண்டு என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. அந்தக் கட்டத்துக்குத் தனி பீஸா, இதிலேயே அடக்கமா என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

ஸ்பர்ஷ் பாஸ்வேர்டைக் கொடுப்பது

இதை நீட்ட வேண்டியதில்லை. ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் உள்ள உங்கள் கணக்கின் பாஸ்வேர்டும் ஓடிபியும் வக்கீலுக்குத் தேவையே இல்லை. அதில் இருக்கிற செல்போன் எண்ணை மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள். ஒரிஜினல் பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை), டிஸ்சார்ஜ் புக் இரண்டும் வீட்டை விட்டுப் போகக் கூடாது. ஜெராக்ஸ் போதும். வெள்ளைத் தாளில் கையெழுத்து, எவ்வளவு பழகியவர் கேட்டாலும், கிடையாது.

சரியான கோர்ட்டுக்குத் தவறான ஆள், தவறான கோர்ட்டுக்குச் சரியான ஆள்

நிலத் தகராறில் உங்களை ஜெயிக்க வைத்த மஞ்சக்குப்பத்து வக்கீல் நேர்மையானவராக, திறமைசாலியாக இருக்கலாம். ஆனால் இந்த வழக்கு கடலூர் கோர்ட்டில் நடக்காது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளைக்குத்தான் தமிழ்நாடும் புதுச்சேரியும் வருகின்றன. அங்கே வழக்கமாக ஆஜராகிற வக்கீலா என்று கேளுங்கள். உள்ளூர் வக்கீல் வழியாகச் சென்னை வக்கீலை வைத்தால், வக்காலத்தில் யார் பெயர் இருக்கிறது, விசாரணைத் தேதியை உங்களுக்கு யார் சொல்வார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நடுவில் ஆள் இருக்கிற கேஸ்களில்தான் தேதி தவறுகிறது.

‘பென்ஷன் கன்சல்டன்ட்’ என்று போர்டு வைத்திருப்பவர் வக்கீல் இல்லையென்றால் அவர் உங்களுக்காகத் தீர்ப்பாயத்தில் நிற்க முடியாது. நீங்களே நிற்கலாம், அல்லது உங்களுக்குப் பிடித்த வக்கீலை வைக்கலாம். முன்னாள் சுபேதார், முன்னாள் கிளார்க் என்று மனு எழுத உதவுகிற நல்லவர்கள் உண்டு. அவர்கள் அனுபவத்தை மதிக்கிறேன். மேல்முறையீட்டுக் கடிதத்துக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைப்பது கஷ்டம். கோர்ட் படி ஏறும்போது மட்டும் வக்கீல் வேண்டும்.

முதல் சந்திப்பில் வக்கீல் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தத் தேதியில் டிஸ்சார்ஜ்? 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள் பொருந்தும். பழைய தீர்ப்புகளைக் காட்டி அவர்களுக்கும் இதே மாதிரி வாங்கிவிடலாம் என்று பேசினால், அவர் புதிய விதியைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

வாட்ஸ்அப் குரூப்பில் நூறு பேர் சேர்ந்து ஒரே மனு போடலாம் என்று வருகிற அழைப்புகளையும் இதே கண்ணோடு பாருங்கள். பென்ஷன் கணக்கீட்டு முறையை எதிர்க்கிற வழக்கென்றால் கூட்டாகப் போவதில் அர்த்தம் உண்டு. டிசபிலிட்டி அப்படியல்ல. உங்கள் நோய் வேறு, பணியாற்றிய இடம் வேறு, போர்டு எழுதிய காரணம் வேறு.

மறைப்பதும் தள்ளிப்போடுவதும்

பட்டாளத்தில் சேருவதற்கு முன்பே ஒரு ஆபரேஷன் நடந்திருக்கும். குடியால் வந்த பிரச்சினை என்று டாக்டர் எங்கோ எழுதி வைத்திருப்பார். இதை வக்கீலிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கிறார்கள். எதிர்த்தரப்பின் கையில் உங்கள் மெடிக்கல் கோப்பு முழுவதும் இருக்கிறது. அவர்கள் எடுத்துக் காட்டும்போது உங்கள் வக்கீல் விழித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். தனியார் டாக்டரிடம் எழுபது சதவீதம் என்று எழுதி வாங்கிக்கொடுங்கள் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். ராணுவ மெடிக்கல் போர்டின் முடிவை அந்தக் காகிதம் தானாக மாற்றிவிடாது.

தாமதத்தின் விலையும் தெரிந்திருக்க வேண்டும். 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, பென்ஷன் உரிமை தாமதத்தால் அழிவதில்லை; ஆனால் நிலுவை பொதுவாக வழக்குப் போட்ட நாளிலிருந்து பின்னோக்கி மூன்று வருடத்துக்கு மட்டுமே. ஏஜென்ட் “பார்த்துக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று வருடத்துக்கு முன்னால் கிடந்த ஒரு மாதப் பணம் போய்விடுகிறது.

ஆள் சரியில்லை என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். பீஸ் பாக்கி என்று சொல்லி வக்கீல் உங்கள் கோப்பைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து வந்த சொல்தாக்களின் பென்ஷன் தனி விஷயம். அது பிரான்ஸ் நாட்டுச் சட்டப்படி நடப்பது. சென்னைத் தீர்ப்பாயத்துக்கு அதில் வேலையில்லை. அவர்கள் விசாரிக்க வேண்டிய இடம் புதுச்சேரியில் இருக்கிற பிரெஞ்சுத் துணைத் தூதரகம். இந்திய ராணுவக் கேஸ் நடத்துகிறவர் அதையும் சேர்த்துப் பார்த்துத் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, உத்தரவு கைக்கு வந்த அன்றே வக்கீலோடு கணக்கை முடித்துக்கொள்ளாதீர்கள். உத்தரவு ரெக்கார்ட்ஸ் ஆபீஸுக்குப் போய், பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்கு அலுவலகத்திலிருந்து திருத்திய பிபிஓ வர வேண்டும். வராவிட்டால் உத்தரவை நிறைவேற்றச் சொல்லித் தனி மனு போட வேண்டும், அதுவும் பேசிய பீஸில் சேர வேண்டும். திருத்திய பிபிஓ ஸ்பர்ஷில் ஏறியதும் அதில் மூன்றைப் பாருங்கள்: சதவீதம் தீர்ப்பில் சொன்னபடி இருக்கிறதா, தொடங்கும் தேதி சரியா, வாழ்நாள் முழுவதும் என்று போட்டிருக்கிறதா அல்லது குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டும் என்றா.