இளம் வெள்ளை ஒயின்களை ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

புதுச்சேரியில் நண்பர்கள் நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாட்டில் வெள்ளை ஒயின் கொண்டுவந்து, சுவைத்து ஒப்பிட்டு, எது முதலிடம் என்று முடிவு செய்யும் மாலைகளில், தீர்ப்பை எழுதுவது பல வேளைகளில் ஊரின் வெயிலும் பக்கத்துத் தட்டில் இருக்கும் மீன் வறுவலும்தான்.

முதலில் குளிர். வெயிலுக்குப் பயந்து பாட்டிலை நாள் முழுவதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து நேரே மேசைக்குக் கொண்டுவருகிறோம். ஏறத்தாழ 4 டிகிரி குளிரில் மணம் அடங்கிவிடும். நல்ல ஒயினும் சாதாரண ஒயினும் ஒன்றுபோலவே தோன்றும். சோவிஞோன் பிளாங் திராட்சையின் ஒயின் போன்ற மென்மையானவற்றுக்கு 8 முதல் 10 டிகிரியும், ஓக் மரப் பீப்பாயில் இருந்து வந்த ஷார்தொனே திராட்சையின் ஒயினுக்கு 11 முதல் 13 டிகிரியும் பொருந்தும். ஆனால் மே மாதத்து மாலையில் கோப்பையில் இருக்கும் ஒயின் சில நிமிடங்களிலேயே அந்த அளவைத் தாண்டிவிடும் என்பதால், ஒரு தடவைக்கு 50 மில்லிக்கு மேல் ஊற்றாமல், எல்லாப் பாட்டில்களையும் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த ஒரே வாளியில் வைத்திருப்பது நல்லது. தண்ணீர் பாட்டிலை முழுவதுமாகத் தழுவி நிற்பதால், வெறும் பனிக்கட்டியைவிட அது விரைவாகக் குளிர்விக்கும். ஒன்று வாளியிலும் மற்றொன்று மேசையிலும் இருந்தால் நாம் ஒப்பிடுவது வெப்பநிலையைத்தான்.

அடுத்தது, எதை எதனோடு வைக்கிறோம் என்பது. நாசிக்கின் செனின் பிளாங் திராட்சை ஒயினையும் பீப்பாய் மணம் ஏறிய, பிரான்சின் பர்கண்டி வட்டார ஒயினையும் அருகருகே வைத்து எது உயர்ந்தது என்று கேட்பது, இளநீரையும் பதநீரையும் வைத்துக் கேட்பதைப் போன்றது. ஒரே திராட்சை, வெவ்வேறு மண் என்று எடுத்துக்கொண்டால் பேசுவதற்குப் பொருள் கிடைக்கும்: பிரான்சில் லுவார் பள்ளத்தாக்கின் சான்சேர், நியூசிலாந்தின் மார்ல்பரோ, நாசிக் ஆகிய மூன்று இடங்களின் சோவிஞோன் பிளாங்கை ஒரே மேசையில் வைக்கலாம். இங்கே ஒரு நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. நாசிக்கில் அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரையிலும், மார்ல்பரோவில் மார்ச், ஏப்ரலிலும், லுவாரில் பெரும்பாலும் செப்டம்பரிலும் நடக்கிறது. லேபிளில் ஒரே ஆண்டு அச்சாகியிருந்தாலும் இரண்டு பாட்டில்களுக்கு இடையே அரை ஆண்டு வயது வேறுபாடு இருக்கக்கூடும். புத்துணர்ச்சிக்காகவே குடிக்கப்படும் இளம் ஒயினில் அது சிறிய வேறுபாடு அன்று.

லேபிளைப் பார்த்துக்கொண்டே சுவைப்பது இந்த ஊருக்கே உரிய பலவீனம் என்று சொல்லத் தோன்றுகிறது. பிரெஞ்சுப் பெயர் என்றால் நமக்கு ஒரு தனி மரியாதை. 1976 மே 24 அன்று பாரிஸில் ஒயின் வணிகர் ஸ்டீவன் ஸ்பரியர் ஏற்பாடு செய்த பெயர் மறைத்த சுவைப்பில், பிரெஞ்சு நடுவர்கள் வெள்ளை ஒயின்களில் முதலிடம் அளித்தது கலிஃபோர்னியாவின் ஷாத்தோ மாண்டலீனா 1973 ஷார்தொனேக்கு. ஆகவே பாட்டிலைச் செய்தித்தாளால் சுற்றி எண்ணிடுங்கள். ரீஸ்லிங் என்ற திராட்சை வகை ஒயின் பாட்டிலின் ஒல்லியான உயரமே அதைக் காட்டிக்கொடுக்கும் என்பதால், சுவைக்காத ஒருவர் ஊற்றிக் கொடுப்பது இன்னும் நல்லது. எல்லோரும் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. முதலில் பேசுபவரின் சொல்லே மற்றவர்களின் நாக்கில் ஏறிவிடும்.

எழுதும்போது, சுவைத்தே அறியாத ஐரோப்பியப் பழங்களின் பெயர்களைக் கடன் வாங்க வேண்டியதில்லை. சோவிஞோன் பிளாங்கில் பச்சைக் கொய்யாவும் குடைமிளகாயும் அரைநெல்லியும் தெரிந்தால் அப்படியே எழுதலாம். கொசுவர்த்தி, ஊதுபத்தி, தலையில் வைத்த மல்லிகைச் சரம் ஆகியவை அந்த அறையில் வேண்டாம். காரமான தின்பண்டங்களைக் கடைசியில் பரிமாறிவிட்டு, இடையில் வெறும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் வைக்கலாம்.

குறை இல்லாததைக் குறை என்று ஒதுக்குவதும் உண்டு. அடியில் படியும் பளபளப்பான துகள்கள் திராட்சையில் இயல்பாக உள்ள டார்ட்டாரிக் அமிலத்தின் உப்புகள்; தீங்கற்றவை. திறந்தவுடன் எழும் தீக்குச்சி நெடி, கோப்பையைச் சுழற்றினால் பெரும்பாலும் விலகும். ஈரமான அட்டைப்பெட்டியின் வாடை மட்டும் விலகாது. அது கார்க்கிலிருந்து வந்த கெடுதல், அந்தப் பாட்டிலை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் அன்றே காலி செய்வது கடைசித் தவறு. பிரான்சின் ஷப்லி வட்டாரத்து இளம் வெள்ளை ஒயின் முதல் நாளில் இறுக்கமாகவும் புளிப்பு மேலோங்கியும் இருக்கக்கூடும். ஒவ்வொன்றிலும் கால் பாட்டிலை மூடிக் குளிரில் வைத்து, மறுநாள் மாலை பழைய குறிப்பைப் பார்க்காமல் மீண்டும் மதிப்பெண் இடுங்கள். பிறகு இரண்டு தாள்களையும் அருகருகே வையுங்கள்.