‘பதிவு இல்லை’ என்று திரை சொல்லும் முன்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, இன்று தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் தரப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, மாவட்டம், ஊர் ஆகியவை கப்பல் பட்டியலில் எழுதப்பட்டன. அத்தகைய பட்டியலை டேட்டாபேஸில் ஏற்றி, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ வாழும் ஒரு குடும்பம் கைப்பேசியிலேயே தேடும்படி பக்கம் அமைப்பவருக்காக இதை எழுதுகிறேன். பூட்டியின் பெயரைத் தட்டுகிறவரிடம் ‘பதிவு இல்லை’ என்று திரை சொன்னால், அவர் அதை நம்பித் தேடலையே விட்டுவிடக்கூடும். ஆகவே உண்மையிலேயே பதிவு இல்லாதபோது மட்டுமே அந்தச் சொற்கள் திரையில் வர வேண்டும்.

பிழையையும் வெறுமையையும் முதலில் பிரித்துவிடுங்கள். பிரௌசரிலிருந்து சர்வருக்குக் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் கட்டளை, சர்வர் 500 என்ற பிழை எண்ணைத் திருப்பினாலும் அதைத் தோல்வியாகக் கொள்வதில்லை; பதில் வந்தது என்றே எடுத்துக்கொள்கிறது. அந்த நிலை எண்ணைப் பார்க்காமல் பதிலில் பதிவு வரிகளைத் தேடும் நிரல், வரிகள் இல்லாததைக் கண்டு ‘பதிவு இல்லை’ என்று எழுதிவிடும். நடந்ததோ டேட்டாபேஸ் இணைப்பு அறுந்ததுதான். நிலை எண் சரியாக இருந்து, வரிகளின் பட்டியலும் வந்து, அது காலியாக இருந்தால் மட்டுமே இல்லை என்று சொல்லலாம். மற்ற வேளைகளில் ‘இப்போது தேட முடியவில்லை, மீண்டும் முயலுங்கள்’ என்பதே நேர்மையான பதில்.

தட்டத் தட்டத் தேடும் பக்கங்களில் பிந்தி வரும் பதில் ஒரு பெரிய தொல்லை. ‘முனி’ என்று தட்டியவுடன் ஒரு குவரியும் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி), ‘முனியம்மா’ என்று முடித்தவுடன் இன்னொன்றும் போகின்றன. முதலாவதற்கு வரிகள் அதிகம் என்பதால் அது பிந்தி வந்து, சரியான முடிவின் மேலேயே அமர்ந்துவிடும். தட்டுவது நின்று 300 மில்லிவினாடி கழித்துக் குவரி அனுப்புவது இதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. ஒவ்வொரு குவரிக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து, கடைசி எண்ணுக்குரிய பதிலை மட்டும் திரையில் ஏற்றுங்கள். பிரௌசரில் பழைய குவரியைக் கைவிட்டாலும் டேட்டாபேஸில் அது ஓடிக்கொண்டே இருக்கலாம் என்பதால், சர்வரிலும் ஒரு கால வரம்பு வையுங்கள்.

எல்லா வரிகளையும் ஒரேயடியாக அனுப்ப வேண்டாம். திரைக்கு 50 வரி போதுமென்றால் 51 கேளுங்கள். ஐம்பத்தோராவது வந்தால் இன்னும் இருக்கிறது என்று தெரியும், அதைத் திரையிலும் தெரிவியுங்கள். அடுத்த பக்கத்துக்கு, இத்தனை வரி தாண்டித் தா என்று கேட்கும் ஆஃப்செட் வேண்டாம்: 20,000 வரி தாண்டு என்றால் டேட்டாபேஸ் அத்தனையையும் கடந்துதான் வர வேண்டும். கடைசியாகக் காட்டிய வரியின் பெயரையும் காலனி எண்ணையும் அனுப்பி, அவற்றுக்கு அடுத்து வருபவற்றைக் கேட்டு, அந்த இரண்டையும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) அமைத்தால் பக்கம் விரைவாக வரும். பெயரை மட்டும் அனுப்பினால், பக்கம் முடியும் இடத்தில் முனியம்மாக்கள் பலர் இருந்தால் மீதிப் பேர் யார் கண்ணிலும் படாமல் போய்விடுவார்கள்.

எழுத்துக் கூட்டல்தான் எல்லாவற்றிலும் கடினமானது. எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயரைப் பேரப்பிள்ளைகள் இன்று வேறு விதமாக எழுதுகிறார்கள். 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற, ஒலியால் ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு தரும் சவுண்டெக்ஸ் முறையில் மூன்சாமியும் முனிசாமியும் எம்525 என்ற ஒரே குறியீட்டில் அமைவதால் அங்கே அது உதவுகிறது. ஆனால் அது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். ஆங்கில ஜி-யில் (G) எழுதிய கோவிந்தசாமி ஜி153 ஆகவும், கே-யில் (K) எழுதியவர் கே153 ஆகவும் பிரிந்துபோகிறார்கள். தமிழில் ககரம் ஒன்றே என்பதை அந்த முறை அறியாது. எனவே ஜி, கே இரண்டையும் ஒன்றாக்கி, அப்படியே P, B இரண்டையும் ஒன்றாக்கி, இரட்டை எழுத்துகளைச் சுருக்கிய வடிவத்தை டேட்டாபேஸில் ஒரு தனி நெடுவரிசையில் சேமித்து, தேடும் சொல்லையும் அதே வழியில் மாற்றி ஒப்பிடுங்கள். மூலப் பட்டியலின் எழுத்தை மட்டும் ஒருபோதும் திருத்த வேண்டாம். திரையில் காட்டுவது அதையே.

தட்டிய சொல்லை டேட்டாபேஸ் மொழியான எஸ்கியூஎல் வாக்கியத்தோடு ஒட்டாமல் பராமீட்டராகவே, அதாவது தனி மதிப்பாகவே, அனுப்புங்கள். வந்த மதிப்பைப் பக்கத்தில் எச்டிஎம்எல் ஆக அல்லாமல் வெறும் உரையாக இடுங்கள். தந்தை பெயர் நல் (மதிப்பே இல்லை) ஆக வரும் வரிகளில் அந்த இடத்தை வெறுமையாக விடாமல், ‘பட்டியலில் எழுதப்படவில்லை’ என்று காட்டுங்கள்.