திகில் ரீமேக் பார்க்கும்போது மூலத்தை முதலில் பாருங்கள்

அக்டோபர் பிறந்ததிலிருந்து ஹாலோவீன் இரவு வரை திகில் ரீமேக்குகளாகப் பார்ப்பவரா நீங்கள்? அப்படியென்றால் மூலப் படத்தை முதல் நாள் பாருங்கள், ரீமேக்கை மறுநாள் இரவுக்கு வையுங்கள்.

‘இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்னாட்சர்ஸ்’ இதற்குச் சரியான தொடக்கம். 1956 படம் 80 நிமிடம்தான், சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் தூங்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். அதில் கெவின் மெக்கார்த்தி சாலையில் ஓடும் வண்டிகளுக்கு நடுவே புகுந்து, கத்திக் கத்தி எல்லோரையும் எச்சரிப்பார். 1978 ரீமேக்கில் அதே நடிகர், 22 வருடம் மூத்த முகத்தோடு, ஒரு காரின் மேல் வந்து விழுந்து அதே எச்சரிக்கையைக் கத்துவார். பழைய படம் பார்க்காதவருக்கு அவர் யாரோ ஒரு பித்துப்பிடித்தவர். பார்த்தவருக்கு முதுகுத்தண்டு சில்லிட்டுப் போகும். பழைய படத்தின் இயக்குநர் டான் சீகலும் டாக்சி ஓட்டுநராக வருவார், விட்டுவிடாதீர்கள்.

‘தி ஃப்ளை’ படத்துக்கு (1958, 1986) இந்த வரிசை அவ்வளவு முக்கியமில்லை, இரண்டும் வேறு வேறு உலகம். ஆனால் 1986 படத்தைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்க வேண்டாம்!

அப்புறம், ஜப்பானிய ‘ரிங்கு’ (1998), அமெரிக்க ‘தி ரிங்’ (2002) இரண்டுக்கும் நடுவே ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். மர்மம் ஏறக்குறைய ஒன்றே என்பதால், அடுத்தடுத்துப் பார்த்தால் பயம் பாதியாகிவிடும். பார்க்கும்போது விளக்கை அணைத்து, போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.