நகராட்சி, காவல்துறை மீதான இழப்பீட்டு வழக்குகள்: பிரதிவாதித் தரப்பு தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகராட்சி மீதோ காவல் அலுவலர் மீதோ இழப்பீடு கேட்டு வரும் வழக்குகளில் பல, வழக்கு எண் விழுவதற்கு முன்பே அலுவலக மேசையில் தோற்றுவிடுகின்றன. அரசு மீதோ, பணி நிமித்தம் செய்த செயலுக்காகப் பொது அலுவலர் மீதோ வழக்குத் தொடுப்பவர், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி அறிவிப்புக் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவசர நிவாரணத்துக்கு மட்டும் நீதிமன்ற அனுமதியோடு விலக்கு உண்டு. புகாரை விசாரித்து, நியாயமிருந்தால் தீர்த்துக்கொள்ளத் தரப்பட்ட இந்த அவகாசத்தில் அரசுத் துறைகள் பதிலே அனுப்பாமலும் மழுப்பலாக அனுப்பியும் வருவதை, 2005-இல் சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. நகராட்சி வழக்கறிஞர்கள் சிலர் இதே 80-ஆம் பிரிவைக் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்யக் கேட்பது வேறொரு தவறு. அந்தப் பிரிவு அரசையும் பொது அலுவலரையுமே குறிக்கிறது. நகராட்சிக்கான அறிவிப்பு விதியை அதற்குரிய உள்ளாட்சிச் சட்டத்தில்தான் தேட வேண்டும்.

அடுத்தது எதிருரை, அதாவது வழக்குக்குப் பிரதிவாதி எழுத்தில் தரும் பதில். சம்மன் கிடைத்த 30 நாளில், நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாளுக்குள், அதைத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்குரையின் ஒவ்வொரு பத்திக்கும் அலுவலகம் எழுதும் பத்திவாரிக் குறிப்புகள் மேசை மேசையாக நகர்ந்து வழக்கறிஞரிடம் சேர்வதற்குள் பாதிக் காலம் போய்விடுகிறது. தாமதத்தைவிட ஆபத்தானது ஒட்டுமொத்த மறுப்பு. குறிப்பாக மறுக்கப்படாத கூற்று ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கருதப்படலாம் என்கிறது அதே நடைமுறைச் சட்டத்தின் 8-ஆம் கட்டளையின் 5-ஆம் விதி. மூடியில்லாத வடிகாலில் ஒருவர் விழுந்த வழக்கில், 'அங்கே குழியே இல்லை' என்று எழுதிவிட்டு, மறுவாரமே அதே இடத்தில் மூடி போட்டதற்கான செலவுச்சீட்டு, செய்த வேலையைப் பதியும் அளவுப் புத்தகத்தோடு நீதிமன்றத்துக்கு வந்தால், பொறியாளரைக் கூண்டில் காப்பாற்ற எவராலும் இயலாது. பராமரிப்பு எப்போது நடந்தது, புகார் எப்போது வந்தது என்று உண்மையைச் சொல்லி வாதாடியிருந்தால், பொறுப்பின் அளவையாவது குறைத்திருக்கலாம்.

காவல் நிலையக் கேமரா பதிவு அழிந்துபோவது இன்னொன்று. பதிவுகளை 18 மாதம், கருவி வசதி இல்லையெனில் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, 'தானாக அழிந்துவிட்டது' என்ற பதிலை எந்த நீதிபதியும் எளிதில் ஏற்கமாட்டார். அறிவிப்பு வந்த அன்றே, காவல் நிலைய நிகழ்வுகளைப் பதியும் பொது நாட்குறிப்பையும் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து நேரங்களை ஒப்பிட வேண்டும்.

'இறையாண்மைச் செயல் (அரசு தன் ஆட்சி அதிகாரத்தில் செய்தது), ஆகவே பொறுப்பில்லை' என்ற பழைய கவசத்தை மட்டும் நம்புவதும் கூடாது. மீரட்டில் காவலர்கள் கைப்பற்றிய தங்கத்தைத் தலைமைக் காவலரே எடுத்துக்கொண்டு ஓடிய கஸ்தூரிலால் வழக்கில், 1964-இல் அது அரசைக் காத்தது உண்மைதான். ஆனால் 1993-இல் நீலாபதி பெஹெரா வழக்கில், காவலில் இறந்த இளைஞரின் தாய்க்கு ரூ.1,50,000 வழங்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமை மீறலில் அந்தக் கவசம் செல்லாது என்றது.

கடைசியாக, அலுவலருக்கும் நிர்வாகத்துக்கும் ஒரே வக்காலத்து. 'மேலதிகாரி சொன்னதைச் செய்தேன்' என்று காவலரும், 'விதியை மீறி அவராகச் செய்தார்' என்று நிர்வாகமும் சொல்லப்போகும் வழக்கில், இருவரையும் தனித்தனியே உட்காரவைத்துக் கேட்காமல் வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கறிஞர், விசாரணையின் நடுவில் இரண்டு கட்சிக்காரர்களையும் கைவிட நேரும்.