பேரல் கேம் காடி: ஸ்கெட்சால் வெட்டாதீர்கள், கட்டரால் வெட்டுங்கள்

சென்னையின் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ திருமுடிவாக்கத்திலோ வெட்டக் கொடுத்த பேரல் கேம் (சுற்றிலும் காடி, அதாவது பள்ளம், வெட்டிய உருளை; அது சுழலும்போது காடிக்குள் இருக்கும் ரோலர் முன்னும் பின்னும் நகரும்) திரும்பி வருகிறது. 10 மிமீ ரோலர் காடிக்குள் இறங்க மாட்டேன் என்கிறது. உடனே மெஷின்காரர் மேல் பழி விழும். பல நேரம் தப்பு சாலிட்வொர்க்ஸில் போட்ட மாடலில்தான் இருக்கும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உருளை விட்டம் 60, நீளம் 80, காடி அகலம் 10, ஆழம் 6, லீட் (ஒரு சுற்றுக்குக் காடி நீளவாக்கில் நகரும் தூரம்) 40, ஒன்றரைச் சுற்று. பலரும் உருளையின் அச்சு அடங்கிய ப்ளேனில் 10 அகலச் செவ்வகம் வரைந்து, ஹெலிக்ஸ் (உருளையைச் சுற்றி ஏறும் திருகுக்கோடு) வழியே கட் ஸ்வீப் (ஒரு வடிவத்தைப் பாதையில் ஓட்டி வெட்டும் கட்டளை) போட்டு முடித்துவிடுவார்கள். திரையில் பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அந்த 10 மிமீ, உருளையின் நீளவாக்கில் அளந்த 10. ரோலர் காடிக்குக் குறுக்கேதானே உட்காரும்? சுற்றளவு 188.5, லீட் 40 என்றால் சாய்வு சுமார் 12 டிகிரி. குறுக்கே உண்மையான அகலம் 9.78தான். காடியின் அடியில் விட்டம் 48 ஆகிவிடுவதால் சாய்வு 14.9 டிகிரியாக ஏறி, அகலம் 9.67 ஆகக் குறைகிறது. இந்த மாடலைப் பார்க்கும் ப்ரோக்ராமர், 10 எண்ட் மில் (காடி வெட்டும் சுழல் கட்டர்) நுழையாது என்று 8 போட்டு, சுவரை மாடலில் உள்ளபடியே முடித்துக் கொடுப்பார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது.

லீட் 120 என்றால் நிலைமை இன்னும் மோசம். மேலே 8.44, அடியில் 7.83.

செவ்வகத்தை ஹெலிக்ஸுக்குச் செங்குத்தான ப்ளேனில் வரைந்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். லீட் 40-க்கு அடியில் வரும் பிழை 0.01 அளவுதான், அவசரத்துக்கு அது போதும். லீட் 120-ல் அதே பிழை 0.05-ஐத் தொடும். சாய்வு மாறிக்கொண்டே போகும் கேம்களுக்கு இந்த வழி வேண்டாம். எண்ட் மில் ஓர் உருளை. அந்த உருளையையே மாடலுக்குள் ஓட்டிவிடுவதுதான் நம்பகமான வழி. சாலிட்வொர்க்ஸில் கட் ஸ்வீப்புக்குள் இருக்கும் சாலிட் ப்ரொஃபைல் (ஸ்கெட்சுக்குப் பதில் ஒரு திடப்பொருளையே ஓட்டும் தேர்வு) இதற்காகவே வந்தது.

செய்முறை இதுதான். உருளையை எக்ஸ்ட்ரூட் செய்யுங்கள். முனையிலிருந்து 10 மிமீ உள்ளே ஒரு ப்ளேன் போட்டு, அதில் 60 விட்ட வட்டம், அதிலிருந்து ஹெலிக்ஸ்: பிட்ச் 40, சுற்று 1.5, தொடக்கக் கோணம் 0. இனி அச்சும் ஹெலிக்ஸ் தொடங்கும் புள்ளியும் அடங்கிய ப்ளேனில் ஸ்கெட்ச் திறந்து, அந்தப் புள்ளி வழியாக ஆரத் திசையில் ஒரு சென்டர்லைன் போடுங்கள். அதை ஒட்டி 5 மிமீ அகலச் செவ்வகம். அது அச்சிலிருந்து 24-ல் தொடங்கி 32-ல் முடியட்டும். 30-ல் நிறுத்தாதீர்கள், கட்டரின் மேல் முகம் உருளையின் மேற்பரப்போடு உரசிக்கொண்டே போனால் மென்பொருள் குழம்பிப் பிழை காட்டும். அந்த 2 மிமீ உபரி எதற்கும் கெடுதல் இல்லை. செவ்வகத்தைச் சென்டர்லைனைச் சுற்றி ரிவால்வ் செய்து கட்டராக்கும்போது மெர்ஜ் ரிசல்ட் டிக்கை எடுத்துவிட வேண்டும். மறந்தால் கட்டர் உருளையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு தேர்ந்தெடுக்கவே வராது. கடைசியாகக் கட் ஸ்வீப், சாலிட் ப்ரொஃபைல், கட்டர் பாடி, பாதை. காடியின் இரு முனைகளும் எண்ட் மில் விட்டுப்போவது போலவே உருண்டையாக முடியும். ஸ்கெட்ச் ஸ்வீப்பில் இதற்குத் தனியாக ஒரு துளை போட வேண்டியிருக்கும்.

அடம்பிடித்தால் பார்க்க வேண்டியவை சில. கட்டர் பாடி குவிந்த வடிவமாக இருக்க வேண்டும். டி-ஸ்லாட் கட்டர் போல இடுப்புள்ள வடிவம் எடுபடாது. தலையைத் தனியாக, கழுத்தைத் தனியாக இரண்டு ஸ்வீப் போடுங்கள். ஸ்கெட்சில் கோடும் வில்லும் மட்டும் இருக்கட்டும், ஸ்ப்லைன் வேண்டாம். பாதை கட்டருக்குள்ளோ அதன் மேலோ தொடங்க வேண்டும். பாதையில் எங்கும் முறிவு கூடாது.

ட்விஸ்ட் அமைப்பில் மினிமம் ட்விஸ்ட் கண்ணில் பட்டால், பெயரைப் பார்த்து நல்லது என்று எடுக்காதீர்கள். ஹெலிக்ஸ் பாதையில் அது கட்டரை ஆரத் திசையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்துக்கொண்டே போகும். நம் 12 டிகிரிக்கு ஒரு சுற்றில் ஏறக்குறைய 75 டிகிரி!

லீட் மாறும் கேமுக்கு, காகிதத்தை ராடில் சுற்றுவது போல யோசியுங்கள். அடி 188.5, உயரம் 40 உள்ள செங்கோண முக்கோணத்தை வெட்டி 60 ராடில் சுற்றினால், சாய்ந்த விளிம்பு அப்படியே நம் ஹெலிக்ஸ். அதேபோல விரித்த படத்தை ஸ்கெட்சில் வரைந்து, ராப் கட்டளையில் ஸ்க்ரைப் கொடுத்துச் சுற்றுங்கள். கிடைக்கும் விளிம்பே பாதை. ரோலர் நிற்கும் பகுதியும் ஏறும் பகுதியும் சந்திக்கும் மூலையைச் சும்மா ஃபில்லெட் போட்டு மழுப்பினால் ஸ்வீப் வேலை செய்துவிடும். ஆனால் வேகமாகச் சுற்றும்போது ரோலர் அங்கே தட்டும். ஏற்றத்தைச் சைக்ளாய்டல் (திடீர்த் தாவல் இல்லாமல் தொடங்கி முடியும்) வளைவாக வையுங்கள். முழு 360 டிகிரி மூடிய பாதை தகராறு செய்தால் இரண்டு பாதியாகப் பிரித்து வெட்டுங்கள்.

சரிபார்க்க, 9.98 விட்டத்தில் ஒரு பின் பாடி செய்து காடியின் நான்கு இடங்களில் நிறுத்தி இன்டர்ஃபியரன்ஸ் (ஒன்றுக்குள் ஒன்று புகுகிறதா என்று) பாருங்கள். சரியாக 10 வைத்தால் சுவரும் பின்னும் ஒரே முகமாகி முடிவு நம்பும்படி இராது. உண்மையான ரோலருக்கு இடைவெளி அவசியம். அது ஒரு சமயத்தில் ஒரு சுவரில் மட்டுமே உருள முடியும். இரண்டையும் தொட்டால் ஒரு பக்கம் தேய்ந்துகொண்டே ஓடும்.

ஃபோர்த் ஆக்சிஸ் விஎம்சிக்கு (உருளையைச் சுழற்றிக்கொண்டே வெட்டும் கணினி மில்லிங் மெஷின்) ஸ்டெப் ஃபைலோடு (பல மென்பொருள்களில் திறக்கும் மாடல் ஃபைல்) விரித்த படத்தையும் கொடுங்கள். காடி அகலத்துக்குச் சமமான கட்டராலேயே ஃபினிஷ் பாஸ் போக வேண்டும், கட்டரின் மையக்கோடு உருளையின் அச்சை வெட்ட வேண்டும் என்று டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள். 8 கட்டரை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினால் மேலே அளவு சரியாக வரும், கீழே சுவரின் வடிவம் மாறிவிடும். அந்த 10 எண்ட் மில் ரீகிரைண்ட் ஆகி (மறுபடி தீட்டி விட்டம் குறைந்து) வந்ததா என்பதையும் முன்கூட்டியே மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.