பழைய கார் ஏசி: கேஸ் போடுவதற்கு முன்னும் பின்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காரில் குளிர் குறைந்ததும் "கேஸ் தீர்ந்துபோச்சு, போட்டுடலாம்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலான சிக்கல்கள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய ரப்பர் ஹோஸ் வழியாகவும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் சீல் வழியாகவும் பல வருடங்களில் கொஞ்சம் கசிவது இயல்புதான். ஆனால் போன வருடம் போட்ட கேஸ் இந்த வருடம் இல்லை என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப நிரப்பினால் பணமும் போகும், காற்றும் கெடும். பெரும்பாலான பழைய கார்களில் இருக்கும் ஆர்-134ஏ கேஸ் புவியைச் சூடாக்கும் திறனில் கார்பன் டை ஆக்சைடைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல்.

அதற்கும் முன்னால், குறை கேஸில்தானா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டு, கையை உள்ளே விடாமல் கம்ப்ரஸர் முகப்பைக் கவனியுங்கள். 'டக்' என்று அதன் காந்தக் கிளட்ச் பிடித்து, முன்தட்டு புல்லியோடு சேர்ந்து சுற்ற வேண்டும். பிடித்துப் பிடித்துச் சில நொடிகளில் விட்டுவிட்டால் கேஸ் குறைவாக இருக்கலாம். பிடிக்கவே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிரஷர் ஸ்விட்ச் (கேஸ் அழுத்தம் குறைந்தால் கம்ப்ரஸரை நிறுத்துவது) என்று வரிசையாகப் பாருங்கள்.

காலையில் நன்றாகக் குளிர்ந்து, எஞ்சின் சூடானதும் நின்றுபோகிற வண்டிகள் உண்டு. பழைய கார்களில் இது சகஜம். கிளட்ச் தட்டு தேயத் தேய, தட்டுக்கும் புல்லிக்கும் உள்ள இடைவெளி கூடிவிடும். கிளட்ச் தட்டை இழுக்கும் மின்கம்பிச் சுருள் (காயில்) சூடேறினால் அதன் காந்த இழுப்பும் குறையும். இரண்டும் சேர்ந்தால் தட்டு ஒட்டாது. பல கம்ப்ரஸர்களில் இந்த இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர் ஒன்றை எடுத்தாலே பல வண்டிகளில் சரியாகிவிடும். இதற்குப் போய் கேஸ் ஏற்றுகிறார்களே என்பதுதான் என் ஆதங்கம்.

ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் குளிர் போகிறதா? கண்டென்சர் (ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதி) ஃபேன் சுற்றுகிறதா, கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் மண்ணும் சருகும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரை மென்மையாக விட்டுக் கழுவினால் போதும். பிரஷர் வாஷரை நேராக அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்று போகாது. கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த குழாய் ஜில்லென்று வியர்த்திருந்தும் உள்ளே சூடான காற்று வருகிறதா? அப்போது ஹீட்டர் வால்வையோ, காற்றைத் திருப்பும் மடலையோ சந்தேகப்படுங்கள்.

கம்ப்ரஸர் ஓடவில்லை என்று பிரஷர் ஸ்விட்சில் வயரைக் கோத்து நேரடியாக ஓட்டுவது பெரிய தவறு. உள்ளே ஆயிலைச் சுமந்து வருவதே கேஸ்தான். கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் ஆயில் இல்லாமல் தேய்ந்து, அரைத்த உலோகத் தூள் எல்லாக் குழாய்க்கும் பரவிவிடும். அப்புறம் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கசிவைக் கண்டுபிடிக்க முதல் துப்பு எண்ணெய்ப் பிசுக்கு. கேஸ் வெளியேறும் இடத்தில் ஆயிலும் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். இணைப்புகள், கண்டென்சரின் அடிப்பகுதி, கம்ப்ரஸர் முகப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டுச் சோப்பு நுரை வையுங்கள். அழுத்தம் ஏற்றிப் பார்க்க நைட்ரஜனே சரி. காற்றடிக்கும் கம்ப்ரஸரை இணைத்தால் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். ஓட்டையடைப்பான் திரவம் வேண்டவே வேண்டாம். அது எக்ஸ்பான்ஷன் வால்வை (திரவ கேஸை அளவாக விட்டுக் குளிரவைக்கும் சிறு துளை வால்வு) அடைக்கலாம், கேஸ் எடுக்கும் இயந்திரத்தையும் பழுதாக்கலாம்.

1990களின் தொடக்கம் வரை வந்த கார்களில் ஆர்-12 என்ற பழைய வகைக் கேஸ் இருந்திருக்கலாம். ஓசோன் படலத்தைக் காக்க வந்த 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அதன் இடத்தில் ஆர்-134ஏ வந்தது. இரண்டையும் கலக்கக் கூடாது. ஆர்-12 காலத்து மினரல் ஆயில் ஆர்-134ஏ-வோடு கலக்காததால் கம்ப்ரஸருக்குச் சரியாகத் திரும்பி வராது. மாற்றுவதாக இருந்தால் பழைய கேஸை முறையாக எடுக்க வேண்டும். பழைய ஆயிலை வடித்து எஸ்டர் ஆயில் விட்டு, ஓ-ரிங்குகளையும் (இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) டிரையரையும் (ஈரத்தை உறிஞ்சும் குப்பி) மாற்ற வேண்டும். கேஸின் எடை பழைய அளவில் 80 முதல் 85 சதவீதம் போதும்.

அவசரத்தில் பலர் விட்டுவிடுவது வேக்கம், அதாவது உள்ளிருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுப்பது. குழாயைத் திறந்தால் காற்றும் ஈரமும் புகுந்துவிடும். காற்று இருந்தால் உள்ளே அழுத்தம் கூடும். ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், அமிலமாகி உலோகத்தையும் அரிக்கும். பம்ப் போட்டுக் கேஜில் 29 அங்குலம் (பாதரச அளவில்) வரை இறக்கினால் 25 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகி வெளியேறும். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓடவிட்டு, வால்வை மூடி முள்ளைக் கவனியுங்கள். முள் ஏறினால் கசிவு இன்னும் இருக்கலாம், அல்லது உள்ளே ஈரம் மிச்சம் இருக்கலாம்.

அடுத்தது அளவு. எஞ்சின் நின்றிருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஆர்-134ஏ சுமார் 97 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் 600 கிராம் இருந்தாலும் அதே 97தான். கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும்வரை வெப்பநிலைதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கும். டிரையர் கண்ணாடியில் நுரை பார்த்துச் சொல்வது ஆர்-12 காலத்து வழக்கம். ஆர்-134ஏ-வுக்கு அது நம்பகமில்லை. பானட் அடியில் உள்ள ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று இருக்கும். முழுக்க வேக்கம் செய்தபின் தராசில் வைத்து அந்த எடையை ஏற்றுவதே சரியான வழி. கூடுதலாகப் போனால் குளிர் கூடாது, குறையும். கண்டென்சரில் திரவம் தேங்கி ஹைசைட் (கம்ப்ரஸரிலிருந்து கேஸ் வெளியேறும் பக்கம்) அழுத்தம் எகிறும், கம்ப்ரஸர் திணறும்.

எஞ்சின் ஓடும்போது கேஸ் கேனை லோசைடில் (கம்ப்ரஸருக்குக் கேஸ் திரும்பும் குறைந்த அழுத்தப் பக்கம்) மட்டும், நிமிர்த்திப் பிடித்து ஏற்றுங்கள். ஹைசைடில் திறந்தால் அழுத்தம் கேனுக்குள் திரும்பி அது வெடித்துவிடலாம். தலைகீழாகப் பிடித்தால் திரவம் நேரே கம்ப்ரஸருக்குள் போய் அதை உடைக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், ஏனென்றால் இந்தக் கேஸ் வெளியில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது; பட்ட இடம் உறைந்துபோகும்.

வேலை முடிந்ததும் சர்வீஸ் வால்வு மூடிகளை மறக்காமல் திருகுங்கள். பார்க்கச் சாதாரண பிளாஸ்டிக் மூடி, ஆனால் உள்ளே ஓ-ரிங்கோடு கசிவைத் தடுப்பது அதுதான். குளிர்காலத்திலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓட்டினால் ஷாஃப்ட் சீல் ஆயிலில் நனைந்து காயாமல் இருக்கும்.