தீவுல இருக்கற நாய் ஷெல்டருக்கு உதவணுமா? செல்ஃபி எடுக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

தாய்லாந்துல புக்கெட், கிராபி, மலேசியாவுல லங்காவின்னு இப்ப நம்மாளுங்க டூர் போறது ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு. அதுல நாய் பூனைன்னா உசுரா இருக்கற ஆளுங்க சில பேர் அங்க இருக்கற ஷெல்டரைத் தேடிப் போய் ஒரு அரை நாள் இருந்துட்டு, திரும்பி வந்ததும் "நாமளும் இதுங்களுக்கு ஏதாவது செய்யணும், எப்படி செய்றது"ன்னு கேக்கறாங்க. நல்ல கேள்விதான். ஆனா பெரும்பாலும் தப்பான இடத்துல இருந்து ஆரம்பிக்கறாங்க, எடுத்த உடனே பழைய பெட்ஷீட் சேக்கறது, டிஷர்ட் அடிக்கறது.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும். தீவுல இருக்கற ஷெல்டருக்கு நாய் உள்ள வர்றது சுலபம், வெளிய போறதுதான் கஷ்டம். ஊருக்குள்ள இருக்கற ஷெல்டர்னா பக்கத்து டவுன்ல இருந்து யாராவது பைக்ல வந்து தத்தெடுத்துட்டுப் போவாங்க. கிராபி பக்கம் இருக்கற கோ லாந்தா மாதிரி ஒரு தீவுல ஜனமே கம்மி, நாய் வேணும்னு நினைக்கறவங்க வீட்ல ஏற்கனவே ரெண்டு இருக்கும். ஆனா ராத்திரியோட ராத்திரியா கேட்ல கட்டிட்டுப் போறது, அட்டைப் பெட்டியில குட்டிங்களை வெச்சுட்டுப் போறது நிக்கவே நிக்காது. ஒரு பொட்டை நாய் ஆறேழு மாசத்துலயே சினை பிடிக்கலாம், 63 நாள் போனா குட்டி, வருஷத்துக்கு ரெண்டு ஈத்து கூட வரலாம். அதனால நீங்க குடுக்கற காசோ நேரமோ ரெண்டுல ஒண்ணு செய்யணும், உள்ள வர்றதைக் குறைக்கணும், இல்லேன்னா வெளிய போறதைக் கூட்டணும். சாப்பாடு, மருந்து, சம்பளம் எல்லாம் வேணும்தான், அதெல்லாம் ஓடிட்டே இருக்கற செலவு. ஆனா எதைப் பண்ணாலும் இந்த ரெண்டுல எதுக்கு ஆகுதுன்னு ஒரு தடவை கேட்டுப் பாத்துக்கங்க.

பெரிய உதாரணம் புக்கெட்ல மாய் காவ் பக்கம் இருக்கற சோய் டாக்ங்கற அமைப்பு. 2003ல ஆரம்பிச்சாங்க. அவங்க பேர் வெளிய தெரிஞ்சது ரெஸ்க்யூ கதைகளால, ஆனா அவங்க வேலையோட முதுகெலும்பு கருத்தடை: பிடிக்கறது, கருத்தடை பண்றது, தடுப்பூசி போடறது, பிடிச்ச இடத்துலயே விடறது. லட்சக்கணக்குல பண்ணியிருக்காங்க. கோ லாந்தாவுல லாந்தா அனிமல் வெல்ஃபேர் 2005ல ஜூனி கோவாக்ஸ் தொடங்கினது, அவங்க பீச்ல நடத்தின தாய்லாந்து சமையல் வகுப்போட லாபத்தை அதுல போட்டு நடத்தினாங்க. லங்காவியில லாஸ்ஸி ஷெல்டர் ஒரு ரிசார்ட்டுக்குப் பக்கத்துலயே இருக்கு, ரிசார்ட் லாபம் ஷெல்டருக்குப் போகுது. கவனிச்சீங்கன்னா இந்த ரெண்டும் வெறும் உண்டியலை நம்பி ஓடல, டூரிஸ்ட் எப்படியும் செலவு பண்ணப் போற காசை இந்தப் பக்கம் திருப்பி விட்டிருக்காங்க. நன்கொடை கேக்கறதை விட இது எவ்வளவோ மேல்னு எனக்குத் தோணும்.

சரி, நேர்ல போறீங்கன்னு வெச்சுக்குவோம். போறதுக்கு முன்னாடி மெயில் போடுங்க, சும்மா போய் நிக்காதீங்க. என்ன நேரம் வரலாம், நாய் வாக்கிங் உண்டா, இந்தியாவுல இருந்து ஏதாவது கொண்டு வரணுமான்னு கேளுங்க. காலர், கயிறு, பழைய டவல் மாதிரி சாமான் ஓகே, மருந்து மட்டும் அவங்க கேக்காம எடுத்துட்டுப் போகாதீங்க, கஸ்டம்ஸ்ல மாட்டினா உங்களுக்கும் தலைவலி அவங்களுக்கும் கெட்ட பேர். ஒரு காலைப் பொழுது நாயை நடத்திட்டு வர்றது வேற, மாசக்கணக்குல தங்கி வேலை செய்றது வேற. தாய்லாந்துல சம்பளம் இல்லாத வேலைக்குக் கூட விசா விஷயம் இருக்கு, நீண்ட நாள் தங்கற ஐடியா இருந்தா டிக்கெட் போடறதுக்கு முன்னாடியே ஷெல்டர்கிட்ட கேட்டுடுங்க.

ரேபிஸ் ஊசி. இதுல விளையாட்டு வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் நாய்ங்களோட இருக்கப் போறீங்கன்னா முன்கூட்டியே போடற ஊசியைப் போட்டுக்கிட்டுப் போங்க, உலக சுகாதார நிறுவனக் கணக்குல முதல் நாள் ஒண்ணு, அதுல இருந்து ஏழு நாள் கழிச்சு ஒண்ணு, சில டாக்டருங்க மூணாவதும் போடுவாங்க, அவங்க சொல்றபடி செய்ங்க. இதுல என்ன லாபம்னா, முன்னாடியே போட்டவங்களுக்குக் கடி பட்டா ரெண்டு பூஸ்டரோட முடிஞ்சிடும், போடாதவங்களுக்கு ரத்தம் வர்ற கடின்னா இம்யூனோகுளோபுலின்ங்கற எதிர்ப்பு மருந்தும் வேணும், அது ஒரு சின்னத் தீவு கிளினிக்ல கையில இருக்கும்னு நம்பி உக்கார முடியாது. ஊசி போட்டிருந்தாலும் கடி பட்ட உடனே சோப்புத் தண்ணியில 15 நிமிஷம் நல்லாக் கழுவணும், அப்புறம் ஆஸ்பத்திரி. "ஐயோ அது குட்டி நாய் தானே, லேசா கீறிச்சு"ன்னு விடாதீங்க.

வாக்கிங் எதுக்குன்னா உங்க சந்தோஷத்துக்கு மட்டும் இல்ல. கூண்டுலயே கிடக்கற நாய் புது ஆளைப் பாத்தா பதுங்கும், இல்ல குரைக்கும், அதை யாரும் தத்தெடுக்க மாட்டாங்க. வாரம் முழுக்க வேற வேற ஆள் கூட நடந்த நாய் கயிறுக்குப் பழகிடும், வண்டிக்குப் பயப்படாது. அதனால காலை வெயில் ஏறறதுக்கு முன்னாடி போங்க, ரோட்ல புறங்கையை வெச்சுப் பாருங்க, உங்களால கொஞ்ச நேரம் வைக்க முடியலேன்னா அதோட பாதத்துக்கும் முடியாது. ஷூ போட்டுக்கங்க. கயிறை எந்தக் காரணத்துக்கும் அவுக்காதீங்க, பீச்ல ஏற்கனவே ஒரு கூட்டம் நாய் தன் ஏரியான்னு உக்காந்திருக்கும். குட்டிங்க இருக்கற கூண்டுக்குப் போகணும்னா ஷெல்டர்ல சொல்ற வரிசையிலதான் போகணும், குட்டி நாய்ங்களைக் கொல்லக்கூடிய பார்வோ வைரஸ் செருப்பு அடியில ஒட்டிக்கிட்டே வந்துடும், மண்ணுல மாசக்கணக்கா உசுரோட இருக்கும், சாதாரண சானிடைசர்க்கெல்லாம் சாகாது, ப்ளீச்சிங் வேணும்.

லாந்தாவுலயும் லங்காவியிலயும் உள்ளூர் மக்கள்ல பெரும்பாலானவங்க முஸ்லிம்கள். நாய் உமிழ்நீர் பட்டா அவங்களுக்குக் கழுவற முறை இருக்கு, அதனால பள்ளிவாசல் பக்கமா நாயை நடத்தாதீங்க, கடை வாசல்ல கட்டாதீங்க, எதிர்ல ஆள் வந்தா நீங்க ஒதுங்கிக்கங்க. டூரிஸ்ட் ரெண்டு நாள்ல கிளம்பிடுவாங்க, ஷெல்டர் அந்தத் தெருவுலதான் இருந்தாகணும். அக்கம்பக்கம் கோவமாச்சுன்னா கருத்தடைக்கு நாய் பிடிக்க வர்ற வண்டியைக் கூட உள்ள விட மாட்டாங்க. பூனைக்கு அங்க சாப்பாடு வைக்கற வீடு நிறைய, பூனை கருத்தடை பத்திப் பேச்சை ஆரம்பிச்சா கதவு சுலபமாத் திறக்கும்.

இன்னொண்ணு, பீச்ல பாத்த நாயை எல்லாம் தூக்கிக்கிட்டு ஷெல்டருக்குப் போகாதீங்க. அதுல பாதிக்கு ஏதோ ஒரு ஹோட்டல்காரம்மா சோறு வைப்பாங்க, காதுல சின்ன வெட்டு இருந்தா பெரும்பாலும் கருத்தடை ஆனது. அடிபட்டிருந்தா போட்டோ, இடம் அனுப்பி ஷெல்டரைக் கூப்பிடுங்க, நீங்களே பிடிக்கப் போகாதீங்க. சோய் டாக்கைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தரான ஜில் டாலி 2004ல தண்ணி தேங்கின வயல்ல ஒரு நாயைப் பிடிக்கப் போய் கிருமித் தொற்று வந்து ரெண்டு காலையும் முழங்காலுக்குக் கீழ இழந்தாங்க. அதுக்கப்புறமும் 2017ல இறக்கற வரைக்கும் அதே வேலையில நின்னாங்க, அது அவங்க மனசு. அவ்வளவு அனுபவம் இருந்தவங்களுக்கே அப்படின்னா லீவுல போன நமக்கு என்ன.

நாயைக் கொஞ்ச ஆள் எப்பவும் கிடைக்கும், பீ அள்ள, டவல் துவைக்க, வேலி கட்ட ஆள் கிடைக்காது. போய் "இன்னிக்கு யாரும் செய்யாத வேலை எது"ன்னு கேளுங்க, அந்த ஒரு கேள்விக்கே உங்களைப் பிடிச்சுப் போயிடும். நல்லா போட்டோ எடுப்பீங்கன்னா அது ஒரு பெரிய உதவி. கம்பிக்குப் பின்னாடி சோகமா இல்லாம, வெளிச்சத்துல, நாயோட கண்ணு உயரத்துக்குக் குனிஞ்சு எடுங்க. கூடவே நாலு வரி உண்மை எழுதுங்க, பூனையோட ஒத்துப் போகுமா, குழந்தை இருக்கற வீட்டுக்கு ஆகுமா, தனியா விட்டா கத்துமா. தத்தெடுக்கறவங்க தேடறது இதைத்தான்.

வெளிய அனுப்பறதுல நேரடியா உதவணும்னா ஃப்ளைட் வாலன்டியர். உங்க சொந்தக்காரங்க யாராவது தாய்லாந்துல லீவு முடிச்சுட்டு ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ திரும்பறாங்கன்னா, ஏற்கனவே அங்க வீடு கிடைச்சிட்ட ஒரு நாயை அவங்க டிக்கெட்டோட சேத்து லக்கேஜ் கணக்குல அனுப்பலாம். தனியா கார்கோல அனுப்பறதை விட செலவு ரொம்பக் குறையும், பேப்பர் வேலையும் ஏர்லைன் கட்டணமும் வழக்கமா ஷெல்டரோ தத்தெடுக்கறவங்களோ பாத்துக்குவாங்க. வாலன்டியர் சீக்கிரமா ஏர்போர்ட் வரணும், இறங்கின பிறகு காத்திருக்கற குடும்பத்துகிட்டயோ அமைப்பு சொல்ற இடத்துலயோ ஒப்படைக்கணும், அவ்வளவுதான். லண்டனுக்கு மட்டும் இது ஆகாது, பிரிட்டனுக்கு விமானத்துல நாய் கார்கோவாத்தான் போகணும். நம்பிக்கையான அமைப்பு மூலமா மட்டும் செய்ங்க, ஏர்போர்ட்ல யாரோ முன்பின் தெரியாதவங்க கூண்டை நீட்டினா வாங்காதீங்க.

இதுல அவசரப்பட முடியாது. தாய்லாந்து நாய் ஐரோப்பிய யூனியனுக்குள்ள போகணும்னா தோலுக்கடியில வைக்கற அடையாள சிப், ரேபிஸ் ஊசி, ஊசி போட்டு 30 நாளாவது கழிச்சு ரத்தப் பரிசோதனை, அந்த ரத்தம் எடுத்த நாள்ல இருந்து மூணு மாசம் காத்திருக்கணும். அமெரிக்காவுக்கு 2024 ஆகஸ்ட்ல இருந்து ஆறு மாசம் ஆகாத நாய் நுழையவே முடியாது. ஆக, வீடு கிடைச்ச நாய் கூட மாசக்கணக்கா ஷெல்டர் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டேதான் இருக்கும், அந்தச் செலவை யாரும் கணக்குல எடுக்கறதில்ல.

இப்ப காசு விஷயம். நம்ம ஊர்ல உக்காந்துக்கிட்டு வசூல் பண்றவங்களுக்கு என் முதல் யோசனை, எப்ப பண்றதுன்னு பாருங்க. அந்தமான் கடல் பக்கம் மே தொடங்கி அக்டோபர் வரைக்கும் மழை சீசன், டூரிஸ்ட் குறைஞ்சுடும், கடைங்க மூடும், உண்டியல் காலி, நாயை நடத்த ஆள் இல்ல, ஃப்ளைட் வாலன்டியரும் கிடைக்கறது கஷ்டம். நாய் மட்டும் எப்பவும் போல வந்துக்கிட்டே இருக்கும், ஈரத்துல தோல் வியாதி வேற. எல்லாரும் டிசம்பர் லீவுல போய்ப் பாத்துட்டு வந்த சூட்டோட ஜனவரியில காசு அனுப்பறாங்க. நீங்க ஜூன், ஜூலையில கையில கிடைக்கற மாதிரி பிளான் பண்ணுங்க.

ரெண்டாவது, "ஷெல்டருக்கு உதவுங்க"ன்னு பொதுவாக் கேக்காதீங்க. அவங்ககிட்ட ஒரு கருத்தடைக்கு எவ்வளவு ஆகுதுன்னு கேட்டு வாங்கி, அதை ரூபாயா மாத்தி அந்த ஒரு தொகையை மட்டும் கேளுங்க. அபார்ட்மென்ட்ல ஞாயித்துக்கிழமை பிரியாணி போட்டு வித்தீங்கன்னா போர்டுல "பத்து பிளேட் வித்தா இத்தனை கருத்தடை"ன்னு எழுதி வையுங்க, ஆளுங்க தானா எண்ணிக்கிட்டு வாங்குவாங்க. பிறந்தநாளுக்கு கிஃப்ட் வேண்டாம் இதுக்குப் போடுங்கன்னு சொல்றதும் நல்லா வேலை செய்யும். டிஷர்ட் மட்டும் வேண்டாங்க, எக்ஸ்எல் சைஸ் மிஞ்சி வீட்டு அலமாரியிலதான் கிடக்கும், முன்பணம் போட்டவர் முகத்தைப் பாக்க முடியாது. ரத்தக்களறி போட்டோ போட்டு வசூல் பண்றதும் வேண்டாம், முதல் தடவை காசு வரும், அடுத்த தடவை உங்க ஸ்டேட்டஸையே மியூட் பண்ணிடுவாங்க.

ஒரே தடவை பெரிய தொகையை விட மாசா மாசம் சின்னத் தொகை நல்லது, ஏன்னா டாக்டர் சம்பளம் மாசா மாசம் வர்ற செலவு. பத்து பேர் சேந்து ஒரு நாயை ஸ்பான்சர் பண்ணலாம். அதுக்கு வயசான, யாரும் எடுக்க மாட்டாத நாயைக் கேளுங்க, அழகான குட்டிக்கு எப்படியும் ஆள் வரும்.

பணத்தை ஒருத்தரோட ஜிபேயில வாங்கறீங்கன்னா, அதுக்குன்னு தனி அக்கவுன்ட் வெச்சுக்கங்க, வீட்டுக் காசோட கலந்தா கணக்கு கையை விட்டுப் போயிடும், நல்லவங்க பேரும் கெட்டுடும். ரெண்டு பேர் பாக்கற மாதிரி ஒரு ஷீட், உள்ள வந்தது வெளிய போனது, அவ்வளவு போதும். இந்தியாவுல இருந்து வெளிநாட்டு அமைப்புக்கு நன்கொடை அனுப்ப ரிசர்வ் வங்கியோட எல்ஆர்எஸ் (தனி ஆளுங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பற திட்டம்) வழி இருக்கு, ஆனா நன்கொடைக்கு வழக்கமா கிடைக்கற 80ஜி வருமான வரிச்சலுகை கிடைக்காது, அதை முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க, மார்ச் மாசத்துல ரசீது கேட்டு நிப்பாங்க. சிங்கப்பூர்ல இருக்கறவங்க வெளிநாட்டு ஷெல்டருக்காகப் பொதுமக்கள்கிட்ட வசூல் பண்ணணும்னா அனுமதி வாங்கணும், தெரியாமப் பண்ணிட்டேன்னு சொல்ல முடியாது. வங்கிக் கட்டணம் ஒவ்வொரு தடவையும் போகும், அதனால சில்லறை சில்லறையா அனுப்பாம மூணு மாசத்துக்கு ஒருதரம் சேத்து அனுப்புங்க.

அனுப்பின பிறகு ஷெல்டர்கிட்ட இருந்து ரசீதும், முடிஞ்சா அந்தக் காசுல கருத்தடை ஆன நாய்ங்க படமும் கேட்டு வாங்கி, காசு போட்ட எல்லாருக்கும் அனுப்புங்க, நூறு ரூபா போட்டவருக்கும் சேத்து. ரெண்டு வாரம் ஆகியும் பதில் வரலேன்னா சந்தேகப்பட அவசரப்படாதீங்க, அங்க மெயில் பாக்கறவரேதான் காலையில கூண்டு கழுவறவரும், இன்னொரு தடவை ஞாபகப்படுத்துங்க. மாசக்கணக்கா ஒண்ணுமே வரலேன்னா அடுத்த தவணையை நிறுத்தி வெச்சுட்டு, குரூப்ல எல்லார்கிட்டயும் கேட்டுட்டு வேற ஷெல்டருக்கு மாத்துங்க.